வெப் சர்வீஸை டேட்டாபேஸுடன் இணைப்பது எப்படி: ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் முழுமையான வழிகாட்டி

வெப் சர்வீஸ் ஒன்றை டேட்டாபேஸுடன் பேச வைக்க நாலு வரி கான்ஃபிகரேஷன் போதும். ஆனால் நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தாலும், டேட்டாபேஸ் நடுவில் விழுந்து எழுந்தாலும், ஆறு மாதம் கழித்து டேபிளின் வடிவம் மாறினாலும் அந்த இணைப்பு தாங்க வேண்டுமே! அதற்கு ஒரே வழிதான்: ஒவ்வொரு அடுக்கையும் தனியாகச் சோதித்து, சரி என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு மொத்தமாக ஓட விட்டால், வருகிற பிழை நெட்வொர்க்கினுடையதா, பாஸ்வேர்டினுடையதா, டேபிளினுடையதா என்று தெரியாமல் ஒரு நாளே போய்விடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நூலக இரவல் சேவையை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டே வேலைகள்: புத்தகங்களைப் பட்டியலிடுவது, ஒரு புத்தகத்தை உறுப்பினருக்கு இரவல் கொடுப்பது. கருவிகள்: ஜாவா 21, அதில் வெப் சர்வீஸ் எழுத ஸ்பிரிங் பூட் 3, லைப்ரரிகளைக் கொண்டுவர மேவன், டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ் 17, அதைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்ட டாக்கர் கம்போஸ், டேபிள் மாற்றங்களுக்கு ஃப்ளைவே, கையால் சோதிக்க டிபீவர் (டேட்டாபேஸை), கர்ல் (வெப் சர்வீஸை). நீங்கள் எழுதுவது பைத்தானிலோ நோடிலோ என்றாலும் ரோல் (டேட்டாபேஸில் நுழையும் யூசர்), டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக நிற்கவோ ஒன்றாக விழவோ வேண்டிய கட்டளைகள்), பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) பற்றிச் சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும்.

டேட்டாபேஸை எழுப்புதல்

டாக்கர் கம்போஸ் ஃபைலில் போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜை, அதாவது கன்டெய்னரின் அச்சை, பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால், என்றைக்கோ ஒரு நாள் பெரிய பதிப்பு மாறி, பழைய டேட்டா ஃபோல்டரைப் புதிய சர்வர் திறக்க மறுக்கும். அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காவிட்டால் கன்டெய்னர் கிளம்பாமலே நின்றுவிடும். கன்டெய்னர் போனாலும் டேட்டாவைக் காக்கும் வால்யூம் கட்டாயம். 17 வரையிலான இமேஜ்களில் அதை டேட்டா ஃபோல்டரின் மீதே ஏற்ற வேண்டும். 18 முதல் அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். பழைய கம்போஸ் ஃபைலை அப்படியே 18-க்கு எடுத்துப்போகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

போர்ட் வரியை 127.0.0.1:5433:5432 என்று எழுதுங்கள். இதில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முன்னால் முகவரி இல்லாமல் போர்ட்டை மட்டும் எழுதினால், டாக்கர் அதை எல்லா நெட்வொர்க் இடைமுகங்களிலும் திறந்துவிடும். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருந்தாலும் டாக்கரின் விதிகள் அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது, உங்கள் கணினியில் ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரெஸ் 5432-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது சர்வீஸ் போய்ச் சேர்வது வேறொரு டேட்டாபேஸாக இருக்கும்; பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தவறு என்றே பதில் வரும். வெளிப்பக்கம் 5433 என்று வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

பலரைச் சுற்ற விடும் இன்னொரு விஷயம்: கம்போஸ் ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கன்டெய்னரை மறுபடி கிளப்பினாலும் பழைய பாஸ்வேர்டுதான் செல்லும். டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே அந்த மதிப்பு படிக்கப்படுகிறது. தொடக்க ஸ்கிரிப்டுகளும் அப்படித்தான். மாற்ற வேண்டுமானால் எஸ்க்யூஎல் கட்டளையால் மாற்றுங்கள். அல்லது, அழிந்தாலும் பரவாயில்லை என்கிற டேட்டாவாக இருந்தால், வால்யூமை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு ரோல்கள்

அட்மின் யூசரையே சர்வீஸுக்கும் கொடுத்துவிடுவதுதான் பரவலான வழக்கம். அது வேண்டாம். இரண்டு ரோல்களை உருவாக்குங்கள். ஒன்று டேபிள்களின் உரிமையாளர். ஃப்ளைவே மட்டும் அதைப் பயன்படுத்தும். மற்றொன்று சர்வீஸின் ரோல். அதற்கு செலக்ட், இன்செர்ட், அப்டேட், டிலீட் மட்டும் போதும். சர்வீஸில் எங்கோ ஓர் ஓட்டை விழுந்து யாரோ உள்ளே புகுந்தாலும், டேபிளையே தூக்கிவிட முடியாது.

போஸ்ட்கிரெஸ் 15 முதல் சாதாரண யூசர்களுக்கு 'பப்ளிக்' ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது டேபிள்களை வைக்கும் பிரிவு) டேபிள் உருவாக்கும் உரிமை இயல்பாகக் கிடையாது. பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்தால் 'பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்று நிற்பது இதனால்தான். உங்கள் சேவைக்கென்று தனி ஸ்கீமா உருவாக்கி, அதை உரிமையாளர் ரோலின் பெயரில் வையுங்கள். சர்வீஸ் ரோலுக்கு அந்த ஸ்கீமாவில் 'யூசேஜ்' உரிமை கொடுங்கள். இரண்டு ரோல்களுக்கும் 'சர்ச் பாத்' (டேபிளைத் தேடும் இடம்) அந்த ஸ்கீமாவையே காட்டட்டும்.

அடுத்து 'ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்' கட்டளை. இனிமேல் உருவாகப் போகும் டேபிள்களுக்கும் சர்வீஸ் ரோலுக்கு உரிமை தானாகக் கிடைக்கச் செய்வது இதுதான். இதை உரிமையாளர் ரோலுக்காகவே கொடுக்க வேண்டும். அட்மினாக நுழைந்து, எந்த ரோலுக்கு என்று சொல்லாமல் கொடுத்தால், அட்மின் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது செல்லும். விளைவு, இரண்டாவது மைக்ரேஷனில் (ஃப்ளைவே ஓட்டும் டேபிள் மாற்ற ஃபைல்) வந்த புது டேபிளை சர்வீஸால் படிக்க முடியாது.

முதலில் கையால்

ஜாவா ஒரு வரி எழுதுவதற்கு முன், டிபீவரில் சர்வீஸ் ரோலின் பெயர், பாஸ்வேர்டு, போர்ட் 5433 கொடுத்து இணையுங்கள். கன்டெய்னருக்குள் நுழைந்து பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவி) ஓட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அந்த இமேஜ் கன்டெய்னருக்கு உள்ளிருந்து வரும் இணைப்புகளை நம்பிவிடுகிறது; பாஸ்வேர்டே கேட்காது. ஆகவே, உள்ளே வேலை செய்ததால் வெளியிலிருந்தும் வேலை செய்யும் என்று எண்ண முடியாது.

இந்தக் கட்டத்தில் வரும் பிழைச் செய்திகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 'கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு' என்றால் அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். வெகுநேரம் காத்திருந்து 'டைம்அவுட்' வந்தால் நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டுகளை விழுங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெய்ல்டு' வந்தால் நெட்வொர்க் சரி, சர்வரும் உயிரோடு இருக்கிறது. பெயரோ பாஸ்வேர்டோ தவறு, அல்லது போய்ச் சேர்ந்த சர்வர் வேறு. 'டேட்டாபேஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' வந்தால் உள்ளே நுழையும் உரிமை கிடைத்துவிட்டது. முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

சர்வீஸையும் பிறகு கன்டெய்னரில் போடும்போது இன்னொன்று மாறும். கன்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். அங்கே டேட்டாபேஸின் முகவரி கம்போஸில் அதற்கு வைத்த சேவைப் பெயர். போர்ட்டும் 5433 அல்ல, உட்பக்கப் போர்ட்டான 5432. அதோடு 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று மட்டும் எழுதினால் கன்டெய்னர் கிளம்பியதற்கே காத்திருக்கும், டேட்டாபேஸ் தயாரானதற்கு அல்ல. 'பிஜி இஸ்ரெடி' கட்டளையை ஹெல்த்செக்காக வைத்து, அது நலம் என்று சொன்ன பிறகே சர்வீஸ் கிளம்பும்படி நிபந்தனை கொடுங்கள்.

ப்ராஜெக்ட்

ஸ்பிரிங் இனிஷியலைசரில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள்: ஸ்பிரிங் வெப், ஜாவாவிலிருந்து டேட்டாபேஸை அழைக்கும் ஜேடிபிசி ஏபிஐ, போஸ்ட்கிரெஸ் டிரைவர், ஃப்ளைவே, சர்வீஸின் நலத்தைச் சொல்லும் ஆக்சுவேட்டர். குவெரிகளைத் தாமே எழுதித் தரும் ஜேபிஏ, ஹைபர்னேட் வேண்டாமா என்று கேட்பீர்கள். பெரிய ப்ராஜெக்ட்டில் அதற்கு இடம் உண்டு. ஆனால் டேட்டாபேஸுக்கு எந்தக் குவெரி போகிறது, எப்போது போகிறது என்று கண்ணால் பார்த்துப் பழகாமல் ஹைபர்னேட்டுக்குப் போகிறவர், பத்து புத்தகங்களைக் காட்டப் பதினொரு குவெரி போவதைக் கவனிக்கவே மாட்டார். ஸ்பிரிங் பூட் 3.2 முதல் கிடைக்கும் ஜேடிபிசி கிளையன்ட் சுருக்கமாக எழுத வைக்கிறது. இந்த அளவு சேவைக்கு அதுவே எங்கள் தேர்வு.

ஃப்ளைவே 10 முதல் போஸ்ட்கிரெஸுக்கான ஆதரவு தனி மாட்யூலாகப் பிரிந்துவிட்டது. அதை மேவன் ஃபைலில் சேர்க்காவிட்டால், டேட்டாபேஸே ஆதரிக்கப்படவில்லை என்று பிழை வரும். ஸ்பிரிங் பூட் 4-க்குப் போனால் ஃப்ளைவேக்கென்றுள்ள ஸ்டார்ட்டரையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பிழையே வராது, மைக்ரேஷனும் ஓடாது.

கான்ஃபிகரேஷனில் முகவரி, யூசர், பாஸ்வேர்டு மூன்றையும் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுங்கள். பாஸ்வேர்டுக்கு இயல்பு மதிப்பு எதுவும் வைக்காதீர்கள். வேரியபிள் இல்லாவிட்டால் சர்வீஸ் கிளம்பாமல் நிற்பதே நல்லது. ஃப்ளைவேக்கு உரிமையாளர் ரோலின் பெயர், பாஸ்வேர்டைத் தனியாகக் கொடுங்கள். முகவரியும் தனியாக இருக்கட்டும். ஏன் என்று கீழே தெரியும்.

டேபிள்கள்

மைக்ரேஷன் ஃபைலின் பெயர் 'வி' என்ற பெரிய எழுத்து, எண், இரண்டு அடிக்கோடுகள், விளக்கம் என்ற வரிசையில் இருக்க வேண்டும். அடிக்கோடு ஒன்றாகிவிட்டால் ஃப்ளைவே அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாமலே போய்விடும். ஒருமுறை ஓடிய ஃபைலைத் திருத்தாதீர்கள். ஃப்ளைவே ஒவ்வொன்றுக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்) வைத்திருக்கிறது. ஒரு ஸ்பேஸ் கூடினாலும் அடுத்த முறை சர்வீஸ் கிளம்ப மறுக்கும். திருத்தம் எதுவானாலும் அடுத்த எண்ணில் புது ஃபைல்.

புத்தக டேபிளில் ஐடி, தலைப்பு, கையிருப்புப் பிரதிகளின் எண்ணிக்கை. ஐடிக்கு 'பிக்இன்ட்' வகையில் 'ஐடென்டிட்டி' நெடுவரிசை வையுங்கள். பழைய 'சீரியல்' வகையைப் பயன்படுத்தினால் சர்வீஸ் ரோலுக்கு சீக்வென்ஸ் உரிமையையும் தனியே கொடுக்க வேண்டியிருக்கும். கையிருப்புக்குப் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 'செக்' விதி போடுங்கள். இரவல் டேபிளில் புத்தக ஐடி, உறுப்பினர் ஐடி, எடுத்த நேரம், திருப்பிய நேரம். நேரங்களுக்கு 'டைம்ஸ்டாம்ப் டிஇசட்' வகையே வேண்டும். டைம்சோன் இல்லாத வகையைப் போட்டுவிட்டால், சர்வரின் டைம்சோன் மாறும் நாளில் எல்லா நேரங்களும் பொருளிழந்துவிடும்.

ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் ஐடியைச் சுட்டும் விதி) போட்டால் இன்டெக்ஸும் தானாக வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸில் வராது. இரவல் டேபிளின் புத்தக ஐடிக்கு நீங்களே இன்டெக்ஸ் போட வேண்டும். அதோடு, திருப்பிய நேரம் காலியாக உள்ள வரிசைகளுக்கு மட்டும், புத்தகம், உறுப்பினர் இரண்டும் சேர்ந்த ஒரு யுனிக் இன்டெக்ஸ் போடுங்கள். திருப்பாத புத்தகத்தை அதே ஆள் மறுபடி எடுக்க முடியாது என்ற விதியை டேட்டாபேஸே காத்துக்கொள்ளும்.

தமிழ்த் தலைப்புகள் வரும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 'கொ' என்ற எழுத்தை இரண்டு யூனிகோடு குறிகளாகவும் எழுதலாம், மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். தேடல் தவறும், யுனிக் விதி ஏமாறும். உள்ளே வரும் எழுத்தையெல்லாம் ஜாவாவின் நார்மலைசரால் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள்.

இரவல் கொடுத்தல்: ஒரே பிரதி, இரண்டு பேர்

குவெரியில் பயனர் தந்த மதிப்பை எழுத்தோடு எழுத்தாக ஒட்டாதீர்கள். எப்போதும் பாராமீட்டராகவே கொடுங்கள். டேபிள் பெயரையும், வரிசைப்படுத்தும் நெடுவரிசையின் பெயரையும் பாராமீட்டராகக் கொடுக்க முடியாது. அதனால் 'எந்த நெடுவரிசையால் வரிசைப்படுத்த' என்று வெளியிலிருந்து வரும் மதிப்பை, அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே சேருங்கள். பாராமீட்டர் பயன்படுத்துகிறோம் என்று நிம்மதியாக இருக்கும் நிரல்களிலும் இந்த இடம்தான் திறந்து கிடக்கிறது.

இரவல் வேலையை இப்படி எழுதத் தோன்றும்: கையிருப்பைப் படி, பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் கழித்து எழுது, இரவல் வரிசையைச் சேர். கடைசிப் பிரதிக்கு இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்தால், இருவரும் 1 என்று படிப்பார்கள், இருவரும் 0 என்று எழுதுவார்கள். ஒரு பிரதி, இரண்டு இரவல். 'செக்' விதியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் யாரும் பூஜ்யத்துக்குக் கீழே எழுதவில்லை. டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டாலும், போஸ்ட்கிரெஸின் இயல்பான 'ரீட் கமிட்டட்' நிலையில் இது நடக்கத்தான் செய்யும்.

தீர்வு, படிப்பதையும் கழிப்பதையும் ஒரே அப்டேட் ஆக்குவது: ஐடி இதுவாகவும் கையிருப்பு பூஜ்யத்துக்கு மேலாகவும் உள்ள வரிசையில் கையிருப்பை ஒன்று குறை. எத்தனை வரிசைகள் மாறின என்று அந்த அப்டேட் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் இரவல் வரிசையைச் சேருங்கள். 0 என்றால் பிரதி இல்லை, 409 என்ற எச்டிடிபி பதிலை அனுப்புங்கள். இரண்டாவதாக வந்தவரின் அப்டேட் முதலாமவர் முடிக்கும்வரை அந்த வரிசையின் பூட்டுக்குக் காத்திருந்து, பிறகு நிபந்தனையைப் புதிய மதிப்போடு மறுபடி சோதிக்கும். மாறியது 0 என்றே அவருக்குத் திரும்பும்.

இரண்டு கட்டளைகளும் ஒன்றாக நிற்க வேண்டும் அல்லது ஒன்றாக விழ வேண்டும். ஆகவே மெத்தடின் மேல் 'டிரான்சாக்‌ஷனல்' அனொட்டேஷன். ஸ்பிரிங்கில் இதற்கு இரண்டு பொறிகள் உண்டு. அதே கிளாஸுக்குள் இன்னொரு மெத்தடிலிருந்து அழைத்தால், இடையில் நிற்கும் ப்ராக்ஸியைத் தாண்டாததால் டிரான்சாக்‌ஷன் தொடங்காது. மற்றொன்று, இயல்பாக ரன்டைம் எக்ஸெப்ஷன்களுக்கும் எரர்களுக்கும் மட்டுமே ரோல்பேக் ஆகும், அதாவது செய்தது திரும்பப் பெறப்படும். செக்டு எக்ஸெப்ஷன் எறிந்தால் கையிருப்பு குறைந்தது குறைந்தபடியே கமிட் ஆகிவிடும்.

யுனிக் இன்டெக்ஸ் மீறப்பட்டால் போஸ்ட்கிரெஸ் 23505 என்ற குறியீட்டைத் தரும். ஸ்பிரிங் அதை 'டூப்ளிகேட் கீ' எக்ஸெப்ஷனாக மாற்றும். அதை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே, கன்ட்ரோலர் பக்கம் பிடியுங்கள். உள்ளேயே பிடித்துவிட்டு அடுத்த குவெரியை ஓட்டினால், டிரான்சாக்‌ஷன் ஏற்கெனவே செத்துவிட்டது என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கும்.

பூல்

போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ப்ராசஸ் ஒன்றைக் கிளப்புகிறது. அதனால் ரிக்வெஸ்டுக்கு ஒரு முறை இணைப்பைத் திறந்து மூடுவது வீண் செலவு. ஸ்பிரிங் பூட் ஹிகாரி என்ற பூலை இயல்பாகவே கொண்டுவருகிறது: அதிகபட்சம் 10 இணைப்புகள், இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம் 30 நொடி, ஓர் இணைப்பின் அதிகபட்ச ஆயுள் 30 நிமிடம்.

பத்துதானா என்று பதறி நூறாக ஏற்றுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரிக்வெஸ்ட் இணைப்பை 20 மில்லி நொடி பிடித்திருந்தால், ஓர் இணைப்பு நொடிக்கு 50 ரிக்வெஸ்டுகளை முடிக்கும். பத்து இணைப்புகள் 500-ஐ முடிக்கும். பெரும்பாலான சேவைகளுக்கு அது தாராளம். இப்போது அதே டிரான்சாக்‌ஷனுக்குள் உறுப்பினருக்கு மின்னஞ்சல் அனுப்ப வெளிச் சேவை ஒன்றை அழைக்கிறீர்கள், அது 800 மில்லி நொடி எடுக்கிறது என்று வையுங்கள். பிடித்திருக்கும் நேரம் 820 மில்லி நொடி ஆகிறது. பத்து இணைப்புகளாலும் சேர்ந்து நொடிக்குப் பன்னிரண்டு ரிக்வெஸ்டுகளையே முடிக்க முடியும். டாம்கேட் இயல்பாக 200 திரெட்டுகள் வரை திறக்கும். மிச்சமெல்லாம் இணைப்புக்கு வரிசையில் நிற்கும். டேட்டாபேஸ் சர்வரில் சிபியு சும்மா இருக்கும், சர்வீஸ் மட்டும் திணறும். லாகில் 'கனெக்‌ஷன் இஸ் நாட் அவைலபிள்' என்ற வரி வந்தால் பூல் அளவைக் கூட்டுவதற்கு முன், யார் இணைப்பை நீண்ட நேரம் பிடித்திருக்கிறார் என்று தேடுங்கள். ஹிகாரியின் லீக் கண்டறியும் வரம்பை 5 நொடிக்கு வைத்தால், பிடித்திருக்கும் நிரலின் ஸ்டாக் டிரேஸையே (எந்த வரிகள் வழியாக அழைக்கப்பட்டது என்ற பட்டியலை) லாகில் காட்டிவிடும். மின்னஞ்சல் போன்ற வெளி வேலைகளைக் கமிட் ஆன பிறகு செய்யுங்கள்.

மேல் எல்லையும் உண்டு. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்ச வரம்பு 100 இணைப்புகள். அதில் 3 அட்மினுக்கு ஒதுக்கம். சர்வீஸ் எட்டு பிரதிகளாக ஓடினால் 80 இணைப்புகள். புதுப் பதிப்பை ஏற்றும்போது பழைய பிரதிகளும் புதியவையும் சிறிது நேரம் சேர்ந்து ஓடும். அப்போது 97-ஐத் தாண்டும் இணைப்பு, மீதி இடங்கள் அட்மினுக்கு ஒதுக்கப்பட்டவை என்று மறுக்கப்படும். மற்ற நேரமெல்லாம் சரியாக ஓடி, டெப்ளாய் நேரத்தில் மட்டும் வரும் பிழைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பூல் அளவைப் பிரதிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, டெப்ளாயின்போது கூடுவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து 3 நொடியாக இறக்குங்கள். அதற்குள் இணைப்பு கிடைக்காத பயனருக்கு உடனே 503 (சேவை இப்போது கிடைக்காது) சொல்வது, அரை நிமிடம் தொங்க விடுவதைவிட நல்லது. இணைப்பின் ஆயுள், நடுவில் உள்ள ஃபயர்வாலோ ப்ராக்ஸியோ இணைப்புகளுக்கு வைத்திருக்கும் ஆயுள் வரம்பைவிடக் குறைவாக இருக்கட்டும். சும்மா இருக்கும் இணைப்புகளை அவை வெட்டிவிடாதிருக்க 'கீப்அலைவ்' நேரத்தை 2 நிமிடத்துக்கு வையுங்கள்.

போஸ்ட்கிரெஸில் ஒரு குவெரிக்கு இயல்பாக நேர வரம்பே கிடையாது. சர்வீஸ் ரோலின் மேல் 'ஸ்டேட்மென்ட் டைம்அவுட்' 5 நொடி என்றும், டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்புக்கு 10 நொடி என்றும் விதித்துவிடுங்கள். ரோலின் மேல் வைப்பதால் உரிமையாளர் ரோலில் ஓடும் நீண்ட மைக்ரேஷன்களுக்கு இடையூறு இல்லை. ஜாவா டிரைவரின் சாக்கெட் டைம்அவுட்டும் இயல்பாகப் பூஜ்யம், அதாவது வரம்பில்லை. நெட்வொர்க் சத்தமில்லாமல் அறுந்தால் திரெட் வெகுநேரம் தொங்கும். முகவரியில் அதை 15 நொடியாகக் கொடுங்கள். ஃப்ளைவேயின் முகவரியில் மட்டும் கொடுக்காதீர்கள். பெரிய டேபிளில் இன்டெக்ஸ் போடும் மைக்ரேஷன் 15 நொடியில் அறுந்து போகும். முகவரி தனியாக இருக்கட்டும் என்றது இதற்காகத்தான்.

விழ வைத்துப் பார்த்தல்

கையிருப்பு 1 உள்ள புத்தகத்துக்கு, வெவ்வேறு உறுப்பினர் பெயரில் இருபது இரவல் ரிக்வெஸ்டுகளை கர்ல் மூலம் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒன்று வெற்றி, பத்தொன்பது 409. வேறு எந்த விடை வந்தாலும் இரவல் மெத்தடுக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்து, சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸ் கன்டெய்னரை நிறுத்துங்கள். மூன்று நொடிகளையொட்டிப் பிழைப் பதில் வர வேண்டும். மறுபடி கிளப்புங்கள், சர்வீஸைத் தொடாமலே அது சரியாக வேண்டும். ஹிகாரி செத்த இணைப்புகளைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். இந்தச் சோதனையில் ஆக்சுவேட்டரின் ஹெல்த் பதிலையும் பாருங்கள். டேட்டாபேஸ் நிலையை 'ரெடினெஸ்' சோதனையில் (ரிக்வெஸ்ட் ஏற்கத் தயாரா) சேர்க்கலாம், 'லைவ்னெஸ்' சோதனையில் (உயிரோடு இருக்கிறதா, இல்லையென்றால் மறுபடி கிளப்பு) சேர்க்கவே கூடாது. சேர்த்தால் டேட்டாபேஸ் சற்றுத் தடுமாறியதும் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகக் கொல்லப்பட்டு, ஒன்றாக எழுந்து, ஒன்றாக இணைப்பு கேட்டு, தடுமாறும் டேட்டாபேஸை இன்னும் அழுத்தும்.

தானியங்கிச் சோதனைகளுக்கு மெமரியில் ஓடும் எச்2 டேட்டாபேஸ் எளிது என்று தோன்றும். நிபந்தனையோடு கூடிய யுனிக் இன்டெக்ஸ் அங்கே கிடையாது. பூட்டுகள் நடந்துகொள்ளும் விதமும் வேறு. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் மூலம் அதே போஸ்ட்கிரெஸ் 17-ஐக் கிளப்பி, அதே மைக்ரேஷன்களை ஓட்டிச் சோதியுங்கள்.

புரொடக்‌ஷனில் டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்தால், நடுவில் போகும் டேட்டாவைக் காக்கும் டிஎல்எஸ் வேண்டும். 'எஸ்எஸ்எல் மோட்' மதிப்பை 'ரிக்வயர்' என்று வைத்தால் போக்குவரத்து மறையாக்கப்படும், ஆனால் எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று ஜாவா டிரைவர் சரிபார்க்காது. 'வெரிஃபை ஃபுல்' என்று வைத்து, ரூட் சான்றிதழ் இருக்கும் இடத்தையும் முகவரியிலேயே கொடுங்கள். வைத்த பிறகு, ஹோஸ்ட் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டு ஒருமுறை இணைத்துப் பாருங்கள். சான்றிதழில் அந்த எண் இல்லாதபட்சத்தில் இணைப்பு மறுக்கப்பட வேண்டும்; மறுக்கப்படவில்லை என்றால் சரிபார்ப்பு இன்னும் நடக்கவில்லை.